ஆனைமலையை யானையாக வரையாதீர்கள்: தானாகப் படம் வரையக் கற்றுக்கொள்பவருக்கு

முப்பத்தொன்பது வயதில்தான் பென்சிலைக் கையில் எடுத்தேன். பகலெல்லாம் மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். வரைவதற்குக் காலையில் அரை மணி நேரம் கிடைக்கும், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. வகுப்பு எதற்கும் போனதில்லை. பள்ளியில் கடைசியாக வரைந்தது செம்பருத்திப் பூவின் நெடுக்குவெட்டுத் தோற்றம். அதிலும் மதிப்பெண் கிடைத்தது பாகங்களைக் குறித்ததற்குத்தான்.

ஆரம்பித்த விதமே கோணல். ஒரே நாளில் இருபத்துநான்கு கலர் டியூப், எட்டு பிரஷ், தாளை நிறுத்தி வரைய மரத்தில் ஒரு ஈசல் ஸ்டாண்ட் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து, அடுத்த ஞாயிறே மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை வரைய உட்கார்ந்தேன். கீழிருந்து ஒவ்வொரு பொம்மையாகப் போட்டுக்கொண்டு போனேன். நாலாவது நிலை முடியும்போது தாள் முடிந்துவிட்டது. கோபுரம் ஒன்பது நிலை. டியூப்கள் பரணில் கிடந்து பாதி இறுகிப்போயின. ஈசலில் இன்றைக்கும் வீட்டில் துண்டு காய்கிறது.

அந்தத் தப்புகளைக் கழித்துவிட்டு, இன்று புதிதாகத் தொடங்கினால் எந்த வரிசையில் போவேனோ அந்த வரிசையில் சொல்கிறேன்.

வாங்க வேண்டியது

2பி பென்சில் இரண்டு, 6பி ஒன்று, ஒரு ரப்பர், ஒரு ஷார்ப்னர். பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுபோகும் கிளிப் வைத்த அட்டை ஒன்று. ஜெராக்ஸ் கடையில் போடுகிற ஏ4 தாள் ஒரு கட்டு. முதல் மூன்று மாதத்துக்கு இவ்வளவு போதும். நட்ராஜ், அப்சரா, டோம்ஸ், கேம்லின் என்று எந்தப் பெட்டியில் இருந்து எடுத்தாலும் சரி.

பென்சிலில் எழுதியிருக்கும் எழுத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த குச்சி. களிமண் கூடினால் கெட்டி, கோடு வெளிறும், அது ஹெச். கிராஃபைட் கூடினால் மெது, கோடு கறுக்கும், அது பி. எழுதுவதற்கு நாம் வாங்கும் ஹெச்பி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நிழல் கறுக்கவில்லையே என்று அழுத்தினால் தாள்தான் குழியும்.

நல்ல ஸ்கெட்ச் புக் வாங்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் காசு இல்லை. விலை கொடுத்து வாங்கிய புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கெடுக்க யாருக்கும் மனசு வராது. ஐந்நூறு தாள் உள்ள கட்டில் முப்பதைக் கெடுத்தாலும் கட்டு அப்படியே இருக்கிற மாதிரிதான் தெரியும்.

முதல் இரண்டு வாரம் ஒரு செம்பு

வீட்டில் இருக்கிற செம்பு ஒன்றை எடுத்து மேசைமேல் வையுங்கள். பழைய பித்தளைச் செம்பு, மங்கலாக இருந்தால் நல்லது. எவர்சில்வர் வேண்டாம். அதில் ஜன்னல், டியூப்லைட், உங்கள் மூஞ்சி எல்லாம் தெரிந்து குழப்பும்.

வரைந்து பாருங்கள். பத்துப் பேர் வரைந்தால் ஒன்பது பேருடைய செம்பும் ஒரே மாதிரி தப்பாக இருக்கும். வாய் ரொம்ப வட்டமாக இருக்கும், அடிப்பக்கம் ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடாக இருக்கும். செம்பின் வாய் வட்டம் என்பது நமக்குத் தெரியும், அதனால் வட்டம் போடுகிறோம். அடி தரையில் சமமாக உட்காரும் என்பதும் தெரியும், அதனால் கோடு போடுகிறோம். கண் பார்த்தது இரண்டுமே இல்லை.

இப்போது செம்பை எடுத்து அலமாரியில் உங்கள் கண் மட்டத்துக்கு வையுங்கள். வாய் ஒரு நேர்கோடாகத் தெரியும். மெதுவாக இறக்கிக்கொண்டே வாருங்கள். கோடு கொஞ்சம் திறந்து, ஒல்லியான நீள்வட்டமாகி, இறங்க இறங்கக் கொழுத்துக்கொண்டே வரும். கண் மட்டத்தில் இருந்து எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு அகலமாகத் திறக்கும். அப்படியென்றால் மேசைமேல் இருக்கும் செம்பின் வாயைவிட அதன் அடிதான் இன்னும் வளைவாக இருக்க வேண்டும், இல்லையா? இந்த ஒன்றைப் பிடித்துவிட்டால் டம்ளர், குடம், வாளி, நாயக்கர் மகால் தூண் எல்லாவற்றுக்கும் அதே கணக்குதான்.

நீள்வட்டம் போடும்போது மணிக்கட்டை அசைக்காமல் தோளில் இருந்து கையைச் சுற்றுங்கள். பென்சில் தாளைத் தொடாமல் நாலைந்து தடவை காற்றிலேயே சுற்றிவிட்டு, அதே வேகத்தில் இறக்குங்கள். இரண்டு ஓரமும் மாவடு நுனி மாதிரி கூராக வந்தால் தப்பு; அங்கேயும் அது வளைந்துதான் திரும்பும். தினமும் வாசலில் கோலம் போடுகிற கைக்கு இது ஒரு வாரத்தில் வந்துவிடும். என் மனைவிக்கு இரண்டாம் நாளே வந்துவிட்டது. எனக்குப் பதினாறு நாள்.

அளப்பது

பென்சிலை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் ஓவியரை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அது ஸ்டைல் இல்லை, வேலை. கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியைச் செம்பின் ஒரு ஓரத்தில் வைத்து, மறு ஓரம் வரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை வையுங்கள். அதுதான் அகலம். நகத்தை நகர்த்தாமல் பென்சிலைச் செங்குத்தாகத் திருப்பி, உயரத்தில் அந்த அகலம் எத்தனை தடவை அடங்குகிறது என்று பாருங்கள். ஒன்றேகால் என்றால் தாளிலும் ஒன்றேகால்தான். படத்தை எந்த அளவில் போட்டாலும் இந்த விகிதம் மாறக் கூடாது. முழங்கை மட்டும் மடங்கக் கூடாது, மடங்கினால் அளவு போச்சு.

கணக்கு எழுதுகிறவனுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. ‘அளந்து வரைந்தால் கலை எங்கே’ என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் வரைந்த செம்பை வாங்கிப் பார்த்தேன், குத்துவிளக்கு மாதிரி இருந்தது.

ஒத்தக்கடைக்கு ஒரு பயணம்

ஒரு மாதம் வீட்டுக்குள் வரைந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலூர் ரோட்டில் பஸ் பிடித்து ஒத்தக்கடையில் இறங்குங்கள். வேளாண் கல்லூரிப் பக்கம் நிழல் பார்த்து உட்கார்ந்து ஆனைமலையை வரையுங்கள்.

நான் முதலில் வரைந்ததை வீட்டில் காட்டியபோது பையன், “யானை நல்லா இருக்குப்பா, மலை எங்க?” என்றான். தும்பிக்கை, நெற்றி மேடு, முதுகு எல்லாம் போட்டிருந்தேன். மலையின் பெயர் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு கையை ஓட்டியிருக்கிறது. மறுபடி போய்ப் பார்த்தபோதுதான் முதுகில் நீளமாக ஒரு இடம் தட்டையாகவே இருப்பது தெரிந்தது. நெற்றி என்று நான் வளைத்த இடத்தில் வளைவே இல்லை, சரிவு சட்டென்று உடைந்து இறங்குகிறது.

செம்பில் நடந்ததும் இதுவேதான். தெரிந்ததை வரைகிறோம், பார்ப்பதை விட்டுவிடுகிறோம். கண்ணை வேலை வாங்க மூன்று வழி உண்டு.

மலையை விட்டுவிட்டு வானத்தை வரைவது ஒன்று. மலைக்கு மேலே தெரியும் வெற்று வானத்துக்கும் ஒரு உருவம் இருக்கிறது. அதற்குப் பெயர் இல்லாததால் மனசு அதில் மூக்கை நுழைக்காது. அந்த வான விளிம்பை ஒழுங்காகப் போட்டால் மலை தானாக வந்து நிற்கும். நாற்காலிக் கால்களுக்கு நடுவே தெரியும் தரை, வாளிக் கைப்பிடிக்குள் தெரியும் சுவர் என்று எல்லாவற்றிலும் இது வேலை செய்யும்.

போட்டோவைத் தலைகீழாக வைத்து வரைவது இரண்டாவது. முகம் வரைய பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். தலைகீழாக இருந்தால் மூக்கு மூக்காகத் தெரியாது, வெறும் கோடும் நிழலுமாகத்தான் தெரியும்.

மூன்றாவது, தாளைப் பார்க்காமல் வரைவது. பென்சிலைத் தாளில் வைத்துவிட்டு, பொருளின் விளிம்பில் கண் எறும்பு மாதிரி ஊரும் வேகத்துக்குக் கையும் ஊர வேண்டும். வருகிற படம் கண்றாவியாக இருக்கும். பரவாயில்லை, அது கண்ணுக்கான உடற்பயிற்சி.

வெளிச்சமும் நிழலும்

ராத்திரி மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கின் பக்கத்தில் ஒரு முட்டையை வையுங்கள். சைவ வீடாக இருந்தால் எலுமிச்சம்பழம். வெளிச்சம் நேரே விழும் இடம், அது மெல்ல மங்கும் இடம், நிழல் கறுத்து நிற்கும் இடம், மேசையில் விழும் நிழல் என்று நாலும் தெரியும். இன்னும் கொஞ்சம் பார்த்தால், நிழல் பக்கத்தின் கடைசி ஓரத்தில் மேசையில் இருந்து எகிறிய வெளிச்சம் லேசாகத் தெரியும். அந்த ஓரத்தை விட்டுவிட்டால் முட்டை தட்டையாகப் படுத்துவிடும்.

கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். விவரமெல்லாம் மறைந்து வெளுப்பு, கறுப்பு, நடுத்தரம் மட்டும் நிற்கும். தாளின் ஓரத்தில் ஐந்து கட்டம் போட்டு, வெள்ளையில் இருந்து 6பி கறுப்பு வரை நிரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடமும் எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். புதிதாக வருகிறவர் எல்லாருமே மூன்றாவது கட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள், கறுக்க பயம். விரலால் தேய்த்து மழுக்குவதும் எனக்குப் பிடிக்காது. படம் புகை பிடித்த மாதிரி ஆகிவிடும். கோடு கோடாகவே போட்டுப் பழகுங்கள்.

நம் ஊர் வெயிலில் உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருக்கும். கைக்கு அடியில் ஒரு துண்டுத்தாள் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வரைந்ததெல்லாம் சட்டையில்தான் இருக்கும்.

இதற்குப் பிறகுதான் கோபுரம். காலை ஏழரை மணிவாக்கில் தெற்குக் கோபுரத்தின் கிழக்குப் பக்கம் முழு வெளிச்சத்தில் இருக்கும், மேற்குப் பக்கம் மங்கிக் கிடக்கும். முதலில் வெளிக்கோடு. அது நேர்கோடு இல்லை, லேசாக உள்வாங்கி ஏறுகிறது. கோபுரத்தின் அழகே அந்த வளைவில்தான். பிறகு ஒன்பது நிலைகளை அளந்து பிரித்துக்கொள்ளுங்கள். மேலே போகப் போக நிலையின் உயரம் குறையும். அப்புறம் வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம். பொம்மைகளை இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் நாலைந்து காட்டினால் போதும். மிச்சத்தைப் பார்க்கிறவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வரைகிறவருக்கு அது ஒரு வகையில் லாபம். பொற்றாமரைக் குளத்துப் படியில் கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்து ஒரே ஒரு மூலையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு, வீட்டுக்கு வந்து வரையுங்கள். எதைக் கவனிக்கவில்லை என்பது தாளில் ஓட்டையாகத் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த ஓட்டையை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.

மகால் தூண்கள்

தூரம் காட்டக் கற்றுக்கொள்ள 1636-ல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது. முற்றத்தைச் சுற்றி வரிசையாகத் தூண்கள் ஓடுகின்றன. தாளில் முதலில் உங்கள் கண் மட்டக் கோட்டைப் போடுங்கள். அதற்கு மேலே இருக்கும் விளிம்புகள் எல்லாம் தூரம் போகப் போக அந்தக் கோட்டை நோக்கி இறங்கும், கீழே இருப்பவை ஏறும். ஒரே வரிசையில் உள்ளவை ஒரே புள்ளியில் போய்ச் சேரும். நின்று ஒன்று, தரையில் உட்கார்ந்து ஒன்று என்று இரண்டு வரைந்தால் கோடு இடம் மாறுவது புரிந்துவிடும். தூண்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியும் தூரத்தில் குறுகும் என்பதை மறக்காதீர்கள். நான் மறந்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடப் பையன்தான், “அண்ணே, அந்தக் கடைசித் தூணு எம்புட்டு தூரம் தள்ளி நிக்குது” என்று காட்டிக்கொடுத்தான்.

மதுரையில் பொது இடத்தில் வரைந்தால் நிச்சயம் யாராவது வந்து நிற்பார்கள், நிச்சயம் கருத்தும் சொல்வார்கள். முதல் இரண்டு தடவை கூசும். சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தால் தொந்தரவு பாதியாகக் குறையும்.

ஆட்கள்

மாட்டுத்தாவணி பஸ் நிலையம். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் ஐந்து நிமிஷம் அசையாமல் இருப்பார்கள், தூங்குகிறவர்கள் ஐம்பது நிமிஷம். ஒரு ஆளுக்கு அரை நிமிஷம் என்று வைத்துக்கொண்டு முதுகு வளைவு, தலை சாய்வு, கால் மடக்கு மட்டும் போடுங்கள். முகம் வேண்டாம், அவர்களுக்கும் சங்கடம். கவனித்துவிட்டால் தாளைத் திருப்பிக் காட்டிவிடுங்கள், சிரித்துவிடுவார்கள். தெருவை வரையும்போது ஒரு சூத்திரம்: நீங்கள் நின்றுகொண்டு வரைந்தால், சமதரையில் உங்கள் உயரம் உள்ள எல்லாருடைய கண்ணும் ஒரே கோட்டில்தான் வரும், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும். தூரத்து ஆளுக்குக் கால்தான் மேலே ஏறும்.

கலர்

ஆறு மாதம் கழித்து வாட்டர்கலர் வாங்குங்கள். டவுன்ஹால் ரோடு, மேலமாசி வீதிப் பக்கம் ஸ்டேஷனரிக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். பெட்டி வேண்டாம், நாலு டியூப் தனியாகக் கேளுங்கள்: கேம்போஜ் மஞ்சள், கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா பழுப்பு. வட்ட பிரஷ் ஆறாம் நம்பர் ஒன்று, பத்தாம் நம்பர் ஒன்று. காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம் தாள். 300 ஜிஎஸ்எம் கேளுங்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம் இருக்கும். ஏ4 தாள் எழுபது, எண்பதுதான். தண்ணீர் பட்டதும் அப்பளமாகிவிடும்.

கறுப்பு டியூப்பைத் திறக்காதீர்கள். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் வருகிற சாம்பல்தான் ஆனைமலைப் பாறை. நீலத்தைக் கூட்டினால் காலை நிழல், பழுப்பைக் கூட்டினால் சாயங்கால வெயில். வெள்ளையும் தேவையில்லை, வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை விட்டுவிட வேண்டும். வெளிறியதில் தொடங்கி அடர்த்திக்குப் போக வேண்டும், திரும்பி வர வழி கிடையாது.

புத்தகங்களும் வீடியோக்களும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவர்கள் ‘வானத்தை ஈரத்தோடு ஈரமாக நிதானமாகப் பரப்புங்கள்’ என்று சொல்லும் நேரத்துக்குள் சித்திரை மாத மதுரையில் தாள் காய்ந்து கோடு விழுந்திருக்கும். இதற்கு நான் செய்வது: காலை எட்டு மணிக்குள் முடிப்பது, ஃபேனை அணைப்பது (வியர்வைக்குத் துண்டு), தாளின் இரண்டு பக்கமும் நனைத்து அட்டையில் ஒட்டவைப்பது, வேண்டிய கலரை முன்கூட்டியே நிறையக் கரைத்து வைப்பது. பாதியில் கலர் தீர்ந்து மறுபடி கரைக்கப் போனால் வானத்தில் தையல் தெரியும். அக்ரிலிக் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம், தட்டிலேயே பிளாஸ்டிக் ஆகிவிடும். பழைய டிபன் பாக்ஸில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டுக் கலரை வையுங்கள். மூடி வைத்தால் மறுநாளும் வேலைக்கு ஆகும்.

பார்த்து வரையலாமா

தாராளமாக. இந்த ஊரில் சினிமா பேனர் எழுதியவர்கள் சின்ன போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெரிதாகத் துணியில் போட்டு, கட்டம் கட்டமாக ஏற்றித்தான் நாற்பது அடி ஹீரோவை நிறுத்தினார்கள். கட்டம் போடுவதும் அளவெடுப்பதுதான். ஆனால் அதிலேயே தங்கிவிட்டால் கட்டம் இல்லாமல் கை ஓடாது. நான் மூன்றுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன்: மூன்று நேரில் பார்த்து, ஒன்று படத்தைப் பார்த்து.

யாரைப் பார்த்து வரையலாம் என்றால் மனோகர் தேவதாஸைச் சொல்வேன். 1936-ல் மதுரையில் பிறந்தவர். அவரும் தானாகக் கற்றவர்தான், பிழைப்பு பேட்டரி கம்பெனியில் வேதியியல் வேலை. விழித்திரை நோயால் பார்வை குறுகிக்கொண்டே வந்த காலத்திலும் பேனாவும் மையும் வைத்து இந்த ஊரை வரைந்தார். 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2022-ல் மறைந்தார். அவருடைய மதுரைப் படம் ஒன்றில் கல்லுக்கு எந்த மாதிரி கோடு, மரத்துக்கு எந்த மாதிரி, தண்ணீருக்கு எந்த மாதிரி என்று மட்டும் ஒரு மாதம் பார்த்து எழுதிப் பழகலாம். பேனாவில் இறங்கும்போது மை தண்ணீரில் கரையுமா என்று முதலில் ஓரத்தில் தடவிப் பாருங்கள். ஜெல் பேனாவில் வரைந்த தெப்பக்குளத்தின் மேல் கலர் அடித்து, குளம் முழுக்க நீலப் புகையாகிப் போன அனுபவம் எனக்கு உண்டு.

வரைந்ததை வைத்துக்கொள்வது

ஒவ்வொரு தாளிலும் தேதி போடுங்கள். இடமும் நேரமும் எழுதினால் வெயில் எந்தப் பக்கம் இருந்தது என்று பிறகு தெரியும். தாள்களைத் தரையோடு தரையாக வைக்காதீர்கள், கரையான் ரசிகனாகிவிடும். தகரப் பெட்டியில் ரெண்டு ரசகற்பூர உருண்டை போட்டு வைத்தால் போதும். எதையும் கிழித்துப் போட வேண்டாம். நாலு நிலையோடு நின்றுபோன என் கோபுரம் இன்னும் அந்தப் பெட்டியில் இருக்கிறது. போன வாரம் வேறு தாள் கைக்கு எட்டாததால், அதன் பின்பக்கத்தில் பால் சட்டியை வரைந்தேன். அடிப்பக்கம் சரியாக வளைந்திருந்தது.